பவுண்டுன்னு படிக்காதீங்க, பவுன்னு படிங்க: 'ஜேன் ஏர்' ரெண்டாவது தடவை

மொதல்ல பேரு. அது 'ஜேன் ஐயர்' இல்லீங்க. நான் சேலத்துல காலேஜ் படிச்சப்ப மூணு வருஷமும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சோம், வைவா அன்னைக்கு வெளியூர்ல இருந்து வந்த மேடம் ஒருத்தங்க வாயை மூடிட்டு சிரிச்சப்பறம்தான் தெரிஞ்சுது. ஏர் உழுற ஏர் இருக்குதில்ல, அதே சத்தம்தான். ஜேன் ஏர்.

சார்லட் பிரான்டே எழுதுன இந்த இங்கிலீஷ் நாவலை மொத தடவை எப்படிப் படிக்கறதுன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, கதையே இழுத்துட்டுப் போயிடும். அநாதைப் பொண்ணு, கொடுமைக்கார அத்தை, பட்டினி போடற ஹாஸ்டல், பெரிய பங்களா, மாடியில யாரோ சிரிக்கற சத்தம், சிடுசிடுன்னு ஒரு மொதலாளி, கல்யாணத்தன்னைக்கு வெடிக்கற குண்டு. இருவது வயசுல நான் அதை லவ் ஸ்டோரியாத்தான் படிச்சேன். நாப்பத்திமூணுல, போன டிசம்பர் லீவுல ஏற்காட்டுல அம்மா வீட்டுல உக்காந்து திரும்பப் படிச்சப்ப அது வேற புஸ்தகமா இருந்துச்சு, கணக்கு நோட்டு மாதிரி. அதை எப்படிப் பாக்கறதுன்னுதான் சொல்லப்போறேன்.

முழுப் புஸ்தகம் வேணும், அதுல காம்ப்ரமைஸே கிடையாது. நம்மள்ல பாதிப்பேர் ஸ்கூல்ல நான்-டீடெயில்ல சுருக்கினதைப் படிச்சுட்டு நாவலையே படிச்சதா நெனச்சுட்டு இருக்கோம். முழுசு 38 அத்தியாயம், 1,80,000 வார்த்தைக்கு மேல. காப்பிரைட் எப்பவோ முடிஞ்சு போச்சு, ப்ராஜெக்ட் குட்டன்பர்க்ங்கற வெப்சைட்ல ஃப்ரீயா கெடைக்குது, வீட்டுலயே போன்ல எறக்கி வெச்சுக்குங்க, மலையில சிக்னலை நம்பாதீங்க. ஆனா ரெண்டாவது தடவைக்கு நான் அச்சுப் புஸ்தகம்தான் சொல்லுவேன், பென்சில் வெச்சு கிறுக்கணும்ல. பழைய புஸ்தகக் கடையில வேற யாரோ அடிக்கோடு போட்ட காப்பி கெடைச்சா இன்னும் நல்லது, அந்த மகராசி எங்கெல்லாம் உருகியிருக்கான்னு பாக்கறதே தனி சொகம். அப்பறம், பஸ்ல படிக்காதீங்க. சேலத்துல இருந்து மேல ஏற்றப்ப இருவது கொண்டை ஊசி வளைவு, நான் லோவுட் ஸ்கூல் அத்தியாயத்தை எட்டாவது பெண்டு வரைக்கும் தாங்குனேன், அதுக்கு மேல எலுமிச்சம்பழம்தான்.

எவ்வளவு வேகமா படிக்கறது? இதுக்கு 1847-லயே பதில் இருக்கு. அந்த அக்டோபர்ல லண்டன்ல இது மூணு வால்யூமா வந்துச்சு, சார்லட் பிரான்டேங்கற பேரு இல்லாம கரர் பெல்னு ஆணா பொண்ணான்னு தெரியாத ஒரு பேருல. அந்தக் காலத்துல நாவல் வெலை ஜாஸ்தி, பலபேர் சந்தா கட்டி லைப்ரரியில ஒவ்வொரு வால்யூமா வாங்கித்தான் படிச்சாங்க. ஒண்ணாவது வால்யூம் 15-ஆம் அத்தியாயத்தோட முடியுது, ராத்திரி அந்த சிடுசிடு மொதலாளி ரோச்செஸ்டர் கட்டில்ல தீ. ரெண்டாவது 26-ஓட, கல்யாணம் நின்னு போன அன்னைக்கு சாயங்காலம். இந்த ரெண்டு எடத்துலயும் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு ரெண்டு மூணு நாள் வேற வேலையைப் பாருங்க. கதை தெரிஞ்சவங்களுக்கு 'அடுத்து என்ன'ங்கற அவசரம் இருக்காது, அதனால இந்த கேப்புல 'ஏன் இவ இப்படிப் பண்ணா'ன்னு மனசு தானா நோண்ட ஆரம்பிக்கும்.

இனி முக்கியமானது. கதையை யாருக்காவது தமிழ்ல வாயால சொல்லுங்க. இங்கிலீஷ் படிக்காதவங்களா இருந்தா ரொம்ப நல்லது. நான் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் ஒரு எஸ்டேட் பங்களா சமையக்கட்டுல எடுபிடி வேலை பாத்தவங்க, பெரிய வீட்டு விஷயம்னா அவங்களுக்குப் பின்வாசல் வழியாத்தான் தெரியும். தெனம் சாயங்காலம் பனி எறங்கறப்ப அடுப்புப் பக்கத்துல உக்காந்து அன்னைக்குப் படிச்சதை சொல்லுவேன்.

ரோச்செஸ்டர் பழைய கதையை சொல்ற எடம் வந்துச்சு, 27-ஆம் அத்தியாயம். அவரோட அப்பா சொத்து ரெண்டாப் பிரிஞ்சிடக் கூடாதுன்னு மொத்தத்தையும் மூத்தவனுக்கு எழுதிடறார், சின்னவனுக்கு ஜமைக்காவுல பணக்கார வீட்டுப் பொண்ணாப் பாத்துக் கட்டி வெச்சுடறார். அவதான் பர்த்தா, பைத்தியம்னு பங்களா மாடியில பூட்டி வெச்சிருக்கறவ. பொண்ணு வீட்டுல முப்பதாயிரம் பவுண்டு குடுத்தாங்கம்மான்னு நான் சொன்னேன். அம்மா கையில இருந்த கரண்டியை அப்படியே வெச்சுட்டாங்க.

"முப்பதாயிரம் பவுனா?!"

பவுன் இல்லம்மா, பவுண்டு, அது வெள்ளைக்காரன் காசுன்னு திருத்தப் போனேன், அப்பறம்தான் எனக்கே பொறி தட்டுச்சு. நாம நகைக்கடையில சொல்ற பவுன் எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க? சாவரின்ங்கற இங்கிலீஷ் தங்கக் காசுல இருந்துதான். ஒரு சாவரின்னா ஒரு பவுண்டு. எடை எட்டு கிராமுக்கு ஒரு பொட்டு கம்மி. அந்தக் காசோட எடையைத்தான் நம்ம ஆசாரிமாருங்க இன்னைக்கு வரைக்கும் பவுன்னு நிறுத்துட்டு இருக்காங்க. அம்மா தப்பா ஒண்ணும் கேக்கலை.

அதனால என் ஒரே பெரிய டிப்ஸ் இதுதான்: புஸ்தகத்துல எங்க பவுண்டுன்னு வந்தாலும் பவுன்னு படிங்க. இன்னைக்கு ரூபாய்ல எவ்வளவுன்னு கூகுள்ல தட்டிட்டு இருக்காதீங்க, அது வருஷா வருஷம் மாறும், மனசுல ஒட்டவும் ஒட்டாது. பவுன் ஒட்டும். பர்த்தாவோட சீதனம் முப்பதாயிரம் பவுன், அதாவது இரநூத்தி நாப்பது கிலோ தங்கம். லோவுட்ல டீச்சரா இருந்தப்ப ஜேனுக்கு வருஷத்துக்கு 15 பவுன். தார்ன்ஃபீல்டு பங்களாவுல குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வந்தப்ப 30. அவளுக்கு டபுள் சம்பளம்னு ஒரே சந்தோஷம், நமக்கும் பவுன் கணக்குல பாத்தா பரவாயில்லையேன்னுதான் தோணும். கடைசியில மதீரா தீவுல செத்துப்போன சித்தப்பா வழியா வர்றது 20,000 பவுன். அந்த முப்பது சம்பளத்துல அறுநூறு வருஷத்துக்கு மேல வேலை பாத்தாத்தான் இதைத் தொட முடியும். அதை அவ நாலாப் பங்கு போட்டு மாமன் மக்களுக்கு, சரி, அத்தை மக்களுக்கு ஆளுக்கு ஐயாயிரம் குடுத்துடறா. மொத தடவை படிச்சப்ப இந்த எடத்தை நல்ல பொண்ணுன்னு நெனச்சுட்டுத் தாண்டிப் போனேன், பவுன்ல படிச்சப்பத்தான் நெஞ்சு அடைச்சுது. எங்க வீட்டுல ரெண்டு பவுன் செயினுக்கு ரெண்டு சித்திங்க பதினோரு வருஷமாப் பேசிக்கறதில்ல.

பென்சிலால ஓரத்துல சின்னதா 'ரூ' போட்டுட்டே போங்க, காசு பேச்சு வர்ற எடத்துல எல்லாம். இருவது பக்கத்துக்கு ஒரு தடவையாவது வரும். போடப் போடத்தான் சில முடிச்சு தெரியும். எனக்குத் தெரிஞ்ச பெரிய முடிச்சு 24-ஆம் அத்தியாயத்துல, ஜவுளிக்கடை சீன்.

நிச்சயம் ஆன பிற்பாடு ரோச்செஸ்டர் ஜேனை மில்கோட் டவுனுக்கு பட்டு எடுக்கக் கூட்டிட்டுப் போறார். ஆறு டிரெஸ் எடுக்கணும்ங்கறார், இவ கெஞ்சிக் கூத்தாடி ரெண்டா கொறைக்கறா. அவர் கண்ணு போறது பளிச்சுனு கத்திரிப்பூ கலர் பட்டு மேலயும் ரோஸ் சாட்டின் மேலயும், இவ கடைசியில வாங்க வெக்கறது ஒரு கருப்பு சாட்டின், ஒரு முத்துச் சாம்பல் பட்டு. அவர் வாங்கித்தர வாங்கித்தர இவளுக்கு மூஞ்சி எரியுது, கூனிக்குறுகிப் போறா. நம்மூர்ல முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன பொண்ணுங்க யாரா இருந்தாலும் இந்த சீனைப் படிச்சாப் புரியும். நான் கடையில உக்காந்திருந்தேன், மாப்பிள்ளை வீட்டு அத்தைங்க நாலு பேரு சேலையைப் பிரிச்சு பிரிச்சு என் தோள்ல போட்டுப் பாத்தாங்க, எனக்கு எந்தக் கலர் புடிக்கும்னு கடைப்பையன் மட்டும்தான் கேட்டான்.

இங்கதான் கவனிக்கணும். அந்தக் கடையில இருந்து திரும்பற வண்டியிலதான் ஜேன் நெனைக்கறா, எனக்குன்னு கொஞ்சம் காசு இருந்தா இந்த மனுசன் பொம்மைக்கு அலங்காரம் பண்ற மாதிரி பண்றதைத் தாங்கிக்கலாமே, மதீரா சித்தப்பாவுக்கு லெட்டர் போடுவோம்னு. போடறா. அந்த லெட்டர் போய்ச் சேர்ற நேரத்துல பர்த்தாவோட கூடப்பொறந்த மேசன் அந்த சித்தப்பா வீட்டுல இருக்கான், ரோச்செஸ்டருக்குக் கல்யாணமாங்கறான், அதுக்கப்பறம்தான் அவன் கெளம்பி வர்றான், லண்டன் வக்கீல் ஒருத்தர் அவனோட சர்ச்சுக்கு வந்து கல்யாணத்தை நிறுத்தறார். மொத தடவை இது ஏதோ விதி மாதிரி இருந்துச்சு எனக்கு. இப்ப பாத்தா அவளைக் காப்பாத்துனது விதியும் இல்ல ஒண்ணும் இல்ல, தனக்குன்னு நாலு காசு வேணும்னு அவ போட்ட ஒரு லெட்டர். இது கண்ணுல பட்ட அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

அம்மாவோட அடுத்த கேள்வி: "அந்த மாடில அடைச்சு வெச்சிருந்தவளுக்கு சோறு யாரு போட்டது?"

கிரேஸ் பூல்னு ஒரு அம்மா. கதையை முன்னமே படிச்சவங்க கிரேஸ் வர்ற பக்கத்தை மட்டும் தனியா எடுத்துப் படிச்சுப் பாக்கலாம், பத்து தடவைகூட வர மாட்டா, ஆனா ஒவ்வொண்ணும் அசத்தல். தீப்பிடிச்ச மறுநாள் காலைல ஒண்ணுமே நடக்காத மாதிரி புதுத் திரைச்சீலைக்கு வளையம் தெச்சுட்டு இருக்கா. ஜேன் மெரண்டு போறா, இவதான் தீ வெச்சவள்னு நெனச்சுட்டு. நமக்குத் தெரியும் அவ வெக்கலைன்னு, அதனால இந்த சீன் இப்ப பேய்க் கதை இல்ல, நைட் டியூட்டி பாத்துட்டு காலைலயும் உக்காந்து வேலை செய்யற ஒரு நர்ஸோட கதை. 17-ல வேலைக்காரிங்க ரெண்டு பேர் சம்பளம் பேசிக்குவாங்க, எனக்கு வர்றது கிரேஸுக்கு வர்றதுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்லைன்னு ஒருத்தி சொல்லுவா, ஜேன் வந்ததும் கப்புனு வாயை மூடிக்குவாங்க. 27-ல ரோச்செஸ்டர், இனி கிரேஸுக்கு வருஷத்துக்கு 200 தரேன், அவ எம் பொண்டாட்டியோட இங்கயே இருக்கட்டும்ங்கறார். டீச்சருக்கு 30, பூட்டின ரூமுக்கு 200. அம்மா இதைக் கேட்டுட்டு, பின்ன, வாயை மூடறதுக்குத்தான் சம்பளமேன்னாங்க.

அடுத்து ஒரு சின்ன வேலை, 26-ஆம் அத்தியாயத்துல பர்த்தாவைக் காட்டற எடத்துல ஜேன் என்ன சொல்லு போடறான்னு பாருங்க. மனுசியா மிருகமான்னு தெரியலைங்கறா, 'அவ'ன்னு சொல்றதில்ல, 'அது'ங்கறா. இங்கிலீஷ்ல அது ஒரு அடி. தமிழ்ல வேற மாதிரி, நம்ம பக்கம் வீட்டுல பொம்பளைங்களை அதுன்னுதான பேசறோம், 'அது கடைக்குப் போயிருக்குது', 'பாவம் அது'ன்னு, பாசமாத்தான். அதனால தமிழ்க் காதுக்கு அந்த அடி உறைக்காமலே போயிடலாம், அந்தப் பக்கத்துல மட்டும் நின்னு படிங்க. நம்ம காதுல நேரா விழற மாதிரி பர்த்தா ஒரு வார்த்தை பேசறதில்ல, எல்லாமே மத்தவங்க சொல்லித்தான். கல்யாணத்துக்கு முந்தா நாள் ராத்திரி ஜேன் ரூமுக்கு வந்து, ரோச்செஸ்டர் வாங்கித்தந்த வெலை ஒசந்த முக்காட்டைத் தலையில போட்டுப் பாத்துட்டு, ரெண்டாக் கிழிச்சு மிதிச்சுட்டுப் போறா. ஜேனுக்கு மயக்கமே வந்துடுது. அம்மா மட்டும் கேட்டாங்க, "அந்தப் பொண்ணு மேல கை வெச்சாளா? துணியைத்தான கிழிச்சா?" ஆமா, துணியை மட்டும்தான். எங்க காலேஜ்ல இதை யாரும் கேக்கலை.

ஆனா இதுக்காக ஜேனைத் திட்டிட்டு நான் எவ்வளவு முன்னேறிட்டேன் பாருன்னு உக்காந்துடாதீங்க, அது சோம்பேறித்தனமான படிப்பு. புஸ்தகமே சில எடத்துல நமக்கு முன்னாடி போய் நின்னுட்டு இருக்கும். ரோச்செஸ்டர் பர்த்தாவைக் கேவலமாப் பேசறப்ப ஜேன் நேராவே சொல்றா, நீங்க பேசறது கொடுமை, பைத்தியம் புடிச்சது அவ தப்பா என்னன்னு. இருவது வயசுல அந்த வரி எனக்கு ஞாபகமே இல்ல. அதேபோல அன்னைக்கு சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். 1857-க்கு முன்னாடி இங்கிலாந்துல முழுசா விவாகரத்து வாங்கி மறுகல்யாணம் பண்ணணும்னா பார்லிமென்ட்ல தனிச் சட்டமே போடணும், மனநோயைக் காரணமா ஏத்துக்கிட்டது 1937-லதான். அதனால ரோச்செஸ்டர் மாட்டிக்கிட்டது நெஜம். பொய் சொன்னதும் நெஜம். ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கிட்டுப் படிக்கணும். அந்தக் காலத்துல பொண்டாட்டி காசு புருசன் காசு, தனியா பத்திரம் எழுதி வெச்சாத்தான் உண்டு, அதனால அந்த முப்பதாயிரமும் அவர் கணக்குலதான் சேந்திருக்கும்.

அவர் வயசு இன்னொண்ணு. இவளுக்குப் பதினெட்டு, அவருக்கு இருவது வருஷம் மூப்பு, வீட்டைப் பாத்துக்கற ஃபேர்ஃபாக்ஸ் அம்மா அப்பா வயசு ஆச்சேன்னு பதர்றாங்க. அப்பறம் அந்தக் குறத்தி வேஷம்! விருந்தாளிங்க இருக்கறப்ப குறி சொல்ற கிழவி மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு ஜேன் மனசுல என்ன இருக்குன்னு நோண்டிப் பாக்கறார். சிரிச்சுட்டே படிச்ச சீன். இப்ப ஆபீஸ்ல பத்தொம்பது வருஷம் குப்பை கொட்டிட்டுப் படிச்சா, சம்பளம் குடுக்கற ஆளு நம்ம வாயைப் புடுங்கறதுக்கு வேஷம் போட்டுட்டு வந்தா எப்படியிருக்கும்னுதான் தோணுது. இருந்தாலும் அவர் பேச ஆரம்பிச்சா இன்னமும் எனக்குப் புடிக்குது, என்ன பண்றது.

இந்தியா வர்ற எடத்துல எல்லாம் ஒரு சுழி போடுங்க, ஜாலியா இருக்கும். என்னோட நீயும் சாகணும்ங்கற மாதிரி ரோச்செஸ்டர் பாடுனா, நான் என்ன உடன்கட்டை ஏறவா வந்தேன், என் நேரம் வந்தா நானே சாவேன்ங்கறா ஜேன். பெண்டிங் பிரபு வங்காளத்துல சதிங்கற உடன்கட்டையைத் தடை பண்ணது 1829, அந்த வார்த்தை யார்க்‌ஷயர் வரைக்கும் போய் கிண்டலாயிடுச்சு. அப்பறம் செயின்ட் ஜான்ங்கற பாதிரி இவளை மிஷனரி பொண்டாட்டியா இந்தியாவுக்குக் கூப்பிடறான், இந்துஸ்தானி வேற சொல்லிக் குடுக்கறான். அவன் தங்கச்சி டயானா, கல்கத்தாவுல உயிரோட வறுபடறதுக்கா நீ பொறந்தங்கறா. இதை மட்டும் நீங்க மே மாசம், சேலத்துல, கரண்ட் போன மத்தியானம் மொட்டை மாடி ரூம்ல உக்காந்து படிக்கணும்.

ஏற்காட்டுல படிச்சா வேற மாதிரி. இந்த மலைக்கு காபி வந்தது 1820-கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அதாவது சார்லட் பிரான்டே யார்க்‌ஷயர்ல சின்னப் பொண்ணா இருந்த அதே சமயம். நான் படிச்சுட்டு இருந்த ஜன்னலுக்கு வெளிய சில்வர் ஓக் மரத்துல மெளகுக்கொடி, கீழ பனியில பொம்பளைங்க காபிப் பழம் பறிச்சுட்டு இருந்தாங்க, இடுப்புல சாக்கு. நாவல்ல ஜமைக்கான்னு ஒரு வார்த்தை, மதீரான்னு ஒரு வார்த்தை, அங்க யாரு வெயில்ல நின்னாங்கன்னு ஒரு வரியும் இல்ல, காசு மட்டும் கப்பல் ஏறி வந்துடுது. மதீரான்னா ஒயின், ஜமைக்கான்னா தோட்டம், இங்கிலாந்து அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டதே 1833-லதான். 'ரூ' போட்ட பக்கத்துல எல்லாம் இந்த வெயிலையும் சேத்து நெனச்சுக்குங்க.

தாண்டிப் போகலாமா? போகலாம், ரெண்டாவது தடவை அந்த சலுகை உண்டு. செயின்ட் ஜான் பிரசங்கம் நீளமா வந்தா ஒரு வாய் காபி குடிச்சுட்டு அடுத்த பக்கம் போங்க. ஆனா 28-ஆம் அத்தியாயத்தைத் தாண்டாதீங்க. பங்களாவை விட்டு ஓடி, இருந்த இருவது ஷில்லிங்கையும் வண்டிக்காரனுக்குக் குடுத்துட்டு, துணி மூட்டையை வண்டியிலயே மறந்துட்டு நடுரோட்டுல நிக்கறா. ஒரு பன்னுக்கு கைக்குட்டையைக் குடுக்கறேங்கறா, கடைக்காரம்மா வேண்டாம்ங்கறா. கடைசியில பன்னிக்குக் கொட்ட இருந்த ஆறிப்போன கஞ்சியை வாங்கிக் குடிக்கறா. 5-ஆம் அத்தியாயத்துல லோவுட்ல அடிப்புடிச்ச கஞ்சின்னு சாப்பிடாம வெச்ச அதே பொண்ணு. ரெண்டு பக்கத்தையும் மடிச்சு வெச்சு அடுத்தடுத்து படிச்சுப் பாருங்க.

ஜீன் ரீஸ்னு ஒருத்தங்க 1966-ல பர்த்தா பக்கத்துக் கதையை ஒரு நாவலா எழுதியிருக்காங்க, 'வைட் சர்காசோ சீ'. அதை இதுக்கு அப்பறம் படிங்க, முன்னாடி வேண்டாம், உங்க கண்ணால ஒரு தடவை பாத்த பிற்பாடுதான் அவங்க கண்ணு வேணும்.

கடைசி அத்தியாயத்தை மெதுவா. 'வாசகரே, நான் அவரைக் கட்டிக்கிட்டேன்'ங்கற வரியோட எல்லாரும் புஸ்தகத்தை மூடிடறாங்க, அது அத்தியாயத்தோட மொத வரிதான். அதுக்கப்பறம் ரோச்செஸ்டருக்கு ஒரு கண்ணு பார்வை திரும்புது, பையன் பொறக்கறான், ஜேன் பாடம் சொல்லித்தந்த அடேல் குட்டியை ஸ்கூல்ல போடறாங்க, நல்ல இங்கிலீஷ் படிப்பு அவளோட பிரெஞ்சுக் கோளாறை சரி பண்ணிடுச்சுன்னு ஜேன் எழுதறா, எனக்கு சுருக்குனு இருந்துச்சு. அப்பறம் கடைசிப் பத்தி எதைப் பத்தின்னா, புருசனைப் பத்தி இல்ல. இந்தியாவுல சாகக் கெடக்கற செயின்ட் ஜானைப் பத்தி.

அம்மாகிட்ட இதையும் சொன்னேன். அடுப்பைக் கிளறிட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவனுக்கு இங்க யாருடி கஞ்சி காச்சிக் குடுத்திருப்பா?"ன்னாங்க. புஸ்தகத்தை எடுத்து மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பாத்தேன், ஒரு பேரும் இல்ல.